இரண்டு பல், இரண்டு கை

"வாயை இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க," என்றார் சிறை மருத்துவமனையின் பல் டாக்டரம்மா.

லிஃப்ட் மெக்கானிக் திறந்தான். விளக்கு வெளிச்சம் அவன் வாய்க்குள் விழுந்தது. நாற்காலிக்கு இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் நானும் நின்று எட்டிப் பார்த்தோம். துப்பறியும் தொழிலில் சாக்கடையைக்கூடக் கிளற வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் சேர்ந்தேன். அடுத்தவன் அண்ணத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். அது அலுத்துப்போனதும் தனியாகத் துப்பறிய வந்துவிட்டார். கேஸ் கொடுக்கிறவர், கேஸில் மாட்டுகிறவர், போலீஸ்காரர் எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் அவருடைய உதவியாளன். வாய் ஓயாது என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர்.

கேஸ் இதுதான். ஒரு புதன்கிழமை மதியம், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் அந்தக் கட்டடத்துச் செயலாளர் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பூட்டு உடைபடவில்லை. சாவி மெக்கானிக்கிடம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்று இரண்டு பேருக்கும் ஊரே கேட்கிற மாதிரி வாய்த்தகராறு நடந்திருந்தது. போலீசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று மாலையே அவனை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். அந்த நேரத்தில் பல் கிளினிக்கில் இருந்தேன், ஒரு வயதான டாக்டர் என் பல்லை ராவிக்கொண்டிருந்தார் என்றான். போலீஸ் போய் விசாரித்தது. அந்தக் கிளினிக்கில் இருப்பது நாற்பது வயதுக்கார டாக்டர் ஒருவர் மட்டும். புதன்கிழமைகளில் அவர் கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போய்விடுவார், கிளினிக் பூட்டியிருக்கும். வயதான டாக்டர் யாரும் எங்களிடம் இல்லை, அந்தப் பல்லைத் திங்கட்கிழமையே நான்தான் ராவினேன் என்று அவர் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். மெக்கானிக் கட்டின கதை அவன் கழுத்துக்கே சுருக்காகிவிட்டது.

நம்பினது ஒரே ஓர் ஆள், அவனுடைய தங்கை. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பெண். என் அண்ணனுக்குக் கோபம் வரும், பொய் வராது என்று சொல்லிக்கொண்டு எங்களிடம் வந்தாள். அவளை அழாமல் அனுப்பி வைக்கவே அக்கா கேஸை எடுத்துக்கொண்டார் என்று நான் நினைத்தேன். ஆனால் அக்கா முதலில் கேட்டது, "உங்க அண்ணன் வாயில அந்தப் பல்லு இப்பவும் இருக்குல்ல?" என்றுதான்.

அப்படித்தான் நாங்கள் இந்த நாற்காலி பக்கம் வந்து சேர்ந்தோம்.

எப்போதோ ஒரு ஸ்பானர் நழுவி அடித்ததில் அவனுக்கு முன்பல் இரண்டும் உடைந்திருந்தன. ஒன்றுக்குச் சில மாதங்களுக்கு முன்பே அதே கிளினிக்கில் கேப் போட்டாயிற்று. இன்னொன்றில் இருந்தது தற்காலிக கேப். நிரந்தரமானதைப் போடுவதற்குள் ஆளை உள்ளே வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா ஒரு மெல்லிய கம்பியால் பழைய கேப்பின் ஓரத்தில் ஈறைத் தொட்டார். உடனே ரத்தம் பொட்டு வைத்தது. ஈறு சிவந்து உப்பியிருந்தது. பக்கத்துப் பல்லின் ஈறைத் தொட்டார். ஒன்றும் இல்லை. இளஞ்சிவப்பாக, கெட்டியாக, கேப்பை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கேப் போடுவதற்குப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். பெரும்பாலான டாக்டர்கள் அடியில் ஒரு படி மாதிரி வெட்டி, கேப்பின் விளிம்பை அதன் மேல் உட்கார வைப்பார்கள். தப்பான முறை இல்லை. ஆனால் விளிம்பு வெளியே தெரியக் கூடாது என்று அந்தப் படியை ஈறுக்கடியில் ரொம்ப ஆழமாக இறக்கிவிட்டால் ஈறு ஏற்றுக்கொள்ளாது. வலிக்காது, ஆனால் சமாதானமும் ஆகாது. சிவந்தே கிடக்கும், பிறகு மெல்ல மெல்ல விலகிப் போகும். இன்னொரு முறையில் படியே கிடையாது. பல்லைச் சரிவாக ராவி, தற்காலிக கேப்பை அங்கேயே உட்கார்ந்து கையால் செய்து, ஈறு எப்படி வளர வேண்டும் என்று அதற்கு இடம் விட்டு வைப்பார்கள். சில வாரத்தில் ஈறு தானாக வந்து கேப்பைச் சுற்றிக்கொள்ளும். அதற்குப் பொறுமை வேண்டும், செய்கிறவர்கள் குறைவு.

"அப்ப ரெண்டையும் ஒரே டாக்டர் பண்ணியிருக்க முடியாதா?" என்று அக்கா கேட்டார்.

"முடியாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வலது கையால எழுதுறவர் ஒரு நாள் இடது கையாலயும் எழுதலாம். ஆனா எதுக்கு எழுதணும்?"

அக்காவின் கண்ணில் ஒரு பளிச். அடுத்த கேள்வியையும் போட்டார். இந்தப் பல்லை ராவினது திங்களா, புதனா என்று ஈறைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

டாக்டரம்மா தலையை ஆட்டினார். "புண்ணு ஆறிடுச்சுங்க. அவ்வளவு சுத்தமான வேலை. ஈறு என்ன காலண்டரா?"

கெட்ட டாக்டரிடம் போயிருந்தால் தப்பித்திருப்பான் என்று சொல்லி வைத்தேன். மெக்கானிக் திறந்த வாயோடு கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். சொல்லாமல் இருந்திருக்கலாம். டாக்டரம்மா எடுத்துக் கொடுத்த ஈறு போட்டோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அக்கா கிளம்பினார்.

அந்தக் கிளினிக் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே டாக்டரின் குடித்தனம். டாக்டர் சலவைச் சட்டையும் அளந்த பேச்சுமாக இருந்தார். அலமாரி நிறையப் பல் அச்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தனக்கு ஒரு கேப் போட வேண்டும் என்று அக்கா ஆரம்பித்தார். டாக்டர் ஒரு பிளாஸ்டர் அச்சை எடுத்துப் படி வெட்டுவது எப்படி என்று பாடமே நடத்திவிட்டார். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷனுக்கு முகமே மலர்ந்துவிடுகிறது.

"எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணுவீங்களா டாக்டர்?"

"என்கிட்ட வர்ற எல்லாருக்கும் இதே முறைதான். வேற மாதிரி நான் பண்ணதே இல்ல."

"சரிவா ராவுறதுன்னு ஒண்ணு சொல்றாங்களே."

"அது பழைய ஆளுங்க வழக்கம். அவ்வளவு நேரம் யார்கிட்ட இருக்கு?"

அக்கா போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். முதல் பல் உங்கள் வேலை, இரண்டாவதையும் நீங்கள்தான் ராவினீர்கள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று சாதுவாகக் கேட்டார். டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். மாட்டிக்கொண்ட ஆள் அப்படிப் பார்க்க மாட்டான். காணாமல் போன பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து, அடுத்த பேஷண்ட் காத்திருக்கிறார் என்று வாசலைக் காட்டினார். வெளியே ஒரு ஈ காக்கை இல்லை.

தெருவுக்கு வந்ததும் அக்கா என்னைக் கேட்டார். கிளினிக்கிலிருந்து மாடிப் படிக்குப் போகிற கதவில் ஒரு புதுத் தாழ்ப்பாள் இருந்ததே, பார்த்தாயா என்றார். பார்த்தேன், திருகாணிகூட இன்னும் பளபளத்தது.

"பேஷண்டுங்க வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னா தாழ்ப்பாளை எந்தப் பக்கம் போடுவ?"

"வீட்டுப் பக்கம்."

"இவர் கிளினிக் பக்கம் போட்டிருக்கார். மேலேர்ந்து யாரோ கீழ இறங்கி வரக் கூடாது."

நாயாக இருக்கும் என்றேன். நாய்க்கு எதற்குடா தலை உயரத்தில் தாழ்ப்பாள் என்றார். இந்த மாதிரி நேரங்களில்தான் எனக்குச் சம்பளம் அதிகமோ என்று சந்தேகம் வரும்.

அடுத்த புதன்கிழமை, டாக்டர் கல்லூரிக்குப் போன பிறகு, வெளிப் படிக்கட்டு வழியாக மாடி ஏறினோம். வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்குப் பின்னால், இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு முதியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா சொல்லிக்கொடுத்த நடிப்பு.

"பல்லா?" என்றார் அன்பாக. கிளினிக் சாவி வீட்டுக்காரியிடம் இருக்கிறது, அவள் கடைக்குப் போயிருக்கிறாள், அதுவரை முகத்தைக் கம்பிகிட்டக் கொண்டுவாருங்கள் என்றார். நான் கொண்டுபோனேன். ஒரு கரண்டிக் காம்பால் என் நாக்கை அமுக்கி, வெளிச்சத்துக்கு என் தாடையைத் திருப்பி, அவர் பார்த்த பார்வையில் கடைவாய்ப் பல்லில் எனக்கு நிஜமாகவே வலி ஆரம்பித்துவிட்டது. ராத்திரி பல் தேய்ப்பதில்லையா என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அக்கா போட்டோவைக் கம்பி வழியாக நீட்டினார். முதியவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார்.

"இது என் வேலை," என்றார்.

"எப்படித் தெரியும் டாக்டர்?"

"உங்க கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா?" விரல் பக்கத்துப் பல்லுக்கு நகர்ந்தது. "இது பையன் பண்ணது. எத்தனை தடவை சொல்லியாச்சு. படியை ஈறுக்குள்ள இறக்காதடா, அது உன் இடம் இல்ல, ஈறோட இடம். கேட்டாத்தானே."

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் யாரும் நம்பாத அந்த வயதான டாக்டர் எங்கள் எதிரில் நிற்கிறார். மெக்கானிக் வெளியே வந்துவிட்டான் என்றே நினைத்தேன். எப்போது செய்தீர்கள் என்று அக்கா கேட்டார்.

"இன்னிக்குக் காலையிலதான். வலியோட வந்தான், பாவம். என் வீட்டுக்காரிதான் லைட்டு பிடிச்சா."

அவருக்குப் பின்னால் சுவரில் ஓர் அம்மாளின் படம் மாட்டியிருந்தது. படத்தின் கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் எழுதியிருந்தன. இரண்டாவது தேதி பழையது. அக்கா அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று முதியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கல்லூரியிலிருந்து பாதியில் திரும்பிவிட்ட மகன் டாக்டர் வந்து நின்றார். எங்களைத் துரத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சலவைச் சட்டையோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். அப்பாவுக்குச் சில நாள் எல்லாம் ஞாபகம் இருக்கும். சில நாள் கிளினிக் இன்னும் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார். அந்தப் புதன்கிழமை உள்கதவைப் பூட்ட மகன் மறந்துவிட்டார். மாலையில் வந்து பார்த்தால் கருவிகள் கழுவித் துடைத்து, அப்பா அடுக்குகிற வரிசையில் அடுக்கியிருந்தன. கேப் குழைத்த கிண்ணத்தில் மிச்சம் காய்ந்திருந்தது. யாரோ ஒரு பேஷண்டுக்கு அப்பா வேலை செய்திருக்கிறார் என்று புரிந்தது. போலீஸ் வந்தபோதுதான் யாருக்கு என்று தெரிந்தது. உண்மையைச் சொன்னால் கிளினிக்கை மூடிவிடுவார்கள், இந்த வயதில் அப்பா மேல் கேஸ் போடுவார்கள் என்று பயந்து, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"கொலை பண்ணவன் கிடைச்சிடுவான், அந்த மெக்கானிக்கை விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்," என்றார். "நாள் ஆக ஆக என்னால வாயைத் திறக்க முடியல."

அவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு வாய் பரபரத்தது. அக்கா கேட்கவிடவில்லை. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து முதியவர், அடுத்த பேஷண்டை உட்காரச் சொல் என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்கு எதிரில் யாரைத் திட்டுவது?

மகன் எங்களோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உண்மையைச் சொன்னார். விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை, முழுக்கக் கேட்டார். நீங்கள் கையெழுத்துப் போட்ட இரண்டு வாக்குமூலத்தில் எதைக் கிழிக்கட்டும் என்று மட்டும் கேட்டார். மாற்றிப் பேசுகிற சாட்சியைக் கோர்ட்டில் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள் என்றார். அதுவும் நியாயம்தான்.

"பல்லை ராவினவரைக் கூட்டிட்டு வாங்க," என்றார் அக்காவிடம். "அவர் வாயால 'நான்தான்'னு ஒரு வார்த்தை வரட்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அதற்கு ஒரு நல்ல நாள் வேண்டும். மகன் தினமும் காலையில் போன் பண்ணினார். இன்று அம்மாவைத் தேடுகிறார், இன்று என்னையே தெரியவில்லை என்றார். ஒரு நாள் போனில் அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. அப்பா இன்று ரொம்பத் தெளிவாக இருக்கிறார், என்ன கிழமை என்று சரியாகச் சொல்கிறார், அம்மா இறந்தது தெரிகிறது, செய்தித்தாளைப் படித்து எனக்கே விளக்குகிறார் என்றார். அக்கா அப்படியே எழுந்துவிட்டார். அவர் யாருக்கும் முன்கூட்டி நம்பிக்கை கொடுக்கிற ஆள் இல்லை. அன்று மெக்கானிக்கின் தங்கைக்குப் போன் போட்டு, கடையை மூடிவிட்டுச் சிறை வாசலுக்கு வந்து நில் என்றார்.

சிறை மருத்துவமனையில் எல்லோரும் இருந்தோம். அதிகாரி ஜன்னலோரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். முதியவர் மகன் கையைப் பிடிக்காமல் தானே நடந்து வந்தார். சாதாரணச் சட்டை, வெள்ளைக் கோட்டு இல்லை. ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார். ஜன்னலில் பார்த்த ஆளா இவர் என்று இருந்தது எனக்கு. அவ்வளவு நிதானம்.

மெக்கானிக் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "இவர்தான் சார். இவரேதான்."

அதிகாரி கையை உயர்த்தி அவனை அடக்கினார். முதியவர் அவனைக் கனிவாகப் பார்த்தார். முன்னே பின்னே தெரியாத ஒருவனைப் பார்க்கிற கனிவு அது. அக்கா அவசரமாக, முகம் ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை, பல்லைப் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர் என்றார். கை தன் வேலையை மறக்காது என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

முதியவர் டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கையைக் கழுவினார். விளக்கைத் தானே இழுத்துச் சரி செய்தார். மெக்கானிக் வாயைத் திறந்தான். அவன் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. முதியவர் இரண்டு பல்லையும் பார்த்தார். ஈறை விரல் நுனியால் தடவினார். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"நல்ல கை," என்றார். "ஈறு எப்படி வந்து உக்காந்திருக்கு பாருங்க. இப்படிப் பண்றவங்க இப்ப யாருமே இல்ல. யார்கிட்ட தம்பி பண்ணீங்க?"

"உங்ககிட்டதான் டாக்டர்." மெக்கானிக் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "புதன்கிழமை. நீங்கதான் கதவைத் திறந்து விட்டீங்க. வலிச்சா கையைத் தூக்குன்னு சொன்னீங்க."

முதியவர் மகனைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். அவருக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தில் துளிக் குழப்பம் இல்லை.

"இல்லப்பா. என் சம்சாரம் போனதோட நான் கருவியைத் தொடறதை விட்டுட்டேன். எனக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியில்ல. அந்த நிலைமையில ஒரு பேஷண்ட் வாயில கை வைக்கறது பாவம் இல்லையா? நான் செய்ய மாட்டேன்."

மகன் அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டார். அக்கா கைப்பையிலிருந்த போட்டோவைப் பாதி எடுத்து, மறுபடி உள்ளேயே வைத்துவிட்டார். அன்றைக்குக் குழம்பிய மனிதர் உண்மையைச் சொன்னார், கேட்க அதிகாரி இல்லை. இன்றைக்கு அதிகாரி இருக்கிறார், மனிதர் தெளிந்துவிட்டார்.

அதிகாரி பேனாவை மூடினார்.

முதியவர் தன் மணிக்கட்டிலிருந்து மெக்கானிக்கின் விரல்களை வலிக்காமல் விடுவித்தார். அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, ஒரு நல்ல யோசனை சொல்கிறவர் மாதிரி சொன்னார்:

"இந்தத் தம்பி பொய் சொல்ற மாதிரி தெரியல சார். இதைப் பண்ண டாக்டரைத் தேடிப் பிடிங்க. இவ்வளவு பொறுமையா வேலை செய்யறவர் கண்டிப்பா வந்து உண்மையைச் சொல்லுவார்."

"தேடறோம் ஐயா," என்றார் அதிகாரி, மரியாதையாக.